ஓர் அடுப்புக்கு ஒரு சொட்டு

என் வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விசாரணைக்கு வந்தவர்கள் சுற்றி வளைத்து, ஃபேனைப் போடச் சொல்லி, இரண்டு தடவை டீ குடித்து, கடைசியில்தான் இதைக் கேட்டார்கள். முதலில் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

எடை பார்த்தேன். அறுபத்தொரு கிலோ. அறுபதைத் தாண்டினால் நான்கு மாத்திரை. வெறும் வயிற்றில் கூடாது, கொஞ்சம் எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்பதால் ஐந்து இட்லியைப் பொடியும் நல்லெண்ணெயுமாகச் சாப்பிடவைத்தேன். வேறு மருந்து ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று, பத்தொன்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்திய மனுஷனிடம் படிவத்தில் உள்ளபடியே கேட்டேன். மூன்று நாளைக்குச் சாராயம் தொடக் கூடாது என்றேன்.

"நான் என்னைக்குத் தொட்டேன்?"

"படிவத்துல இருக்கு. சொல்லணும்."

என் கண்ணெதிரே விழுங்கவைத்து, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, வாந்தி வரவில்லை என்று குறித்துக்கொண்டேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன்.

என் பெயர் அமலோற்பவம். பனைமுனை சுகாதார நிலையத்தில் களப்பணியாளர். என் வீட்டுக்காரர் சூசை, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக வரும் ஐஸ் பார்களை உடைக்கிறார். எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள். பிரகாசி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில், பத்திரமாக இருக்கட்டும் என்று பிள்ளைகளை எல்லாம் கொண்டுபோய் வைத்த கட்டடத்தின் கூரை இறங்கிவிட்டது. நாற்பத்து மூன்று பிள்ளைகள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இதை எழுதும்போது கை நடுங்கவில்லை. அப்போதும் நடுங்கவில்லை.

புயல் முடிந்த பன்னிரண்டாம் நாள் நிவாரணத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கேப்சூல் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது ஒரு புழுவின் முட்டை. துயர்தணி உயிரி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஊர் அதைப் புழு என்றே சொன்னது. குடலில் தங்கி, குஞ்சு பொரித்து, ரத்தத்தில் ஏறி, மனசின் கூர்முனைகளைச் சீவிவிடும். அடுத்த வாரமே படகுகள் கடலுக்குப் போயின. ஐஸ் கம்பெனி ஓடியது. யாரும் கிணற்றில் விழவில்லை. படம் பிடிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

இப்போது அதை எடுக்கிறோம். வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுப்பதுதான் இந்த வருஷம் எங்கள் வேலை. இறக்கு மாத்திரை என்று ஜனங்கள் சொல்கிறார்கள்.

கீழத்தெருவில் தாசன் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எழுபது வயது. கேள்வி கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

"அமலி, அன்னைக்கு நீங்கதான் உள்ள போடச் சொன்னிய. இன்னைக்கு நீங்களே வெளிய எடுக்கச் சொல்லுதிய. எங்க வயிறு என்ன உங்க ஆபீஸ் அலமாரியா?"

"போன ஐப்பசியில மூணு படகு கடல்ல போச்சே, ஞாபகம் இருக்காண்ணே? புயல் எச்சரிக்கை கூண்டு ஏத்தின பெறவும் போனாவ. பயம் இல்ல அவியளுக்கு. சாகுதோம்னு தெரிஞ்சும் ஒருத்தன்கூட ஃபோன் பண்ணல. அதுக்குப் பெறவுதான் எடுக்கணும்னு முடிவு பண்ணாவ."

"சரி. எங்க ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்கி வச்சிருக்கேன். அதுவும் புழுவுக்குத்தான? அதையே ஒரு மூடி குடிச்சிட்டாப் போச்சு."

"அது ஆட்டுக்கு. அளவும் வேற, சேர்மானமும் வேற. குடிச்சா நீங்களும் ஆட்டுக்கூட வாசல்ல கிடக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது ஒரு தகவல்.

"ரத்தம் எதுக்கு எடுக்கிய?"

"உள்ள எத்தனை இருக்குன்னு பாக்க. கொஞ்சமா இருந்தா இந்தச் சோதனைப் பட்டையில பச்சை வரும், மாத்திரை கொடுக்கலாம். ரொம்ப இருந்தா சிவப்பு. சிவப்புன்னா வீட்டுல வச்சுக் கொடுக்கவே கூடாது. அத்தனையும் ஒரே நேரத்துல செத்தா உடம்பு தாங்காது. மூளை வீங்கிப்போவும். ஆஸ்பத்திரியில படுக்கவச்சு, கொஞ்சங் கொஞ்சமா, பத்து வாரமா இறக்கணும்."

இதைப் பாடம் மாதிரி எல்லா வீட்டிலும் சொன்னேன். சொல்லிவிட்டு அவருடைய மருமகளைக் கூப்பிட்டு, அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். பச்சை. வீட்டில் இருந்த நான்கு பேருக்கும் பச்சை என்று எழுதிக்கொண்டு, நான்கு பேருக்கும் எடை பார்த்து, நாளுக்கு ஒருவராக மாத்திரை கொடுத்தேன்.

அதுதான் அந்த ஒன்று.

இது யார் தொடங்கி வைத்தது என்று தெரியாது. எங்கள் கணக்கெடுப்பில் வீட்டை வீடு என்று எண்ணமாட்டோம், அடுப்பு என்று எண்ணுவோம். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனியாகப் பொங்கினால் இரண்டு அடுப்பு. குளோரின் மாத்திரை, கொசு மருந்து, உப்புச் சோதனை எல்லாமே அடுப்புக்கு ஒன்றுதான். பட்டைகள் ஆளுக்கொன்று வரும் என்றார்கள். மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. ஆய்வாளர் ஆறுமுகநயினார் மேலே எழுதிப் போட்டார், பதில் இல்லை. முடிக்க வேண்டிய தேதி மட்டும் மாறாமல் நின்றது. அப்போது அவர் சொன்னது:

"ஒரே நாள்ல கேப்சூல் போட்டவங்க. ஒரே அடுப்புல சாப்பிடுதவங்க. ஒருத்தருக்குப் பச்சைன்னா எல்லாருக்கும் பச்சைதான். ஓர் அடுப்புக்கு ஒரு சொட்டு எடுங்க, போதும்."

பதினோரு களப்பணியாளர்கள் இருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நியாயமாகத்தான் பட்டது. கேள்வி கேட்க ஒரு சின்னப் பயமாவது வேண்டும். எங்களில் ஒன்பது பேர் கேப்சூல் போட்டவர்கள்.

சூசைதான் எங்கள் வீட்டில் முதலில் மாத்திரை கேட்டார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நாளில் போடக் கூடாது, ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றேன். எனக்கு அவசரம் இல்லை. அவருக்கு இருந்தது.

"பிரகாசி முகம் ஞாபகம் இருக்கு, அமலி. மச்சம், பல்லு, எல்லாம் இருக்கு. ஆனா பஸ்ல பாத்த பிள்ள மாதிரி இருக்கு. பெத்தவன் ஒரு தடவையாவது அழ வேண்டாமா? எட்டு வருசமா அது பாட்டுக்குக் கல்லறையில கிடக்கு, நான் பாட்டுக்கு ஐஸ் உடைக்கேன்."

"அழுதா என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. அது எனக்குத் தெரியாதா? அழணும், அவ்வளவுதான்."

அவர் விடிகாலை நாலு மணிக்கே கம்பெனிக்குப் போய்விடுவார். எங்கள் அடுப்புக்குரிய பட்டையை நான் பிரித்தபோது அவர் வீட்டில் இல்லை. அதனால் என் விரலில் குத்திக்கொண்டேன். பச்சை வந்தது. இரண்டு பேருக்கும் பச்சை என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் இட்லி அவித்தேன்.

திங்கட்கிழமை தலை வலிக்கிறது என்றார். இது எல்லோருக்கும் வருவதுதான் என்று குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தவர் நின்ற இடத்திலேயே நின்று, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல், அப்படியே மடங்கி விழுந்துவிட்டாராம். போய்ப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மதிவதனி என்று ஒருவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ரொம்ப வேகமாகப் பேசுவார். சூசையை உள்ளே கொண்டுபோய், வீக்கம் குறைய ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து என்னை அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு பட்டை வைத்திருந்தார். ரத்தச் சிவப்பு. அவ்வளவு அழுத்தமான சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

"மாத்திரை போட்டு ரெண்டு நாள் ஆகியும் இவ்வளவு இருக்கு. அப்ப போடறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்! இவருக்கு யாரும்மா பச்சைன்னு எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"சோதனை பண்ணீங்களா?"

"பண்ணேன். என் விரல்ல."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அடுப்புக் கணக்கைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே நாள்ல விதைச்சாலும் எல்லா நிலமும் ஒரே மாதிரியா விளையும்? உங்க உடம்பு வேற, அவர் உடம்பு வேற இல்லையா? ஒருத்தர் உடம்புல பத்து இருக்கும், பக்கத்துல படுத்திருக்கறவர் உடம்புல பத்தாயிரம் இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனை வீட்டுக்கு இப்படிக் கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"நான் மட்டும் இருநூத்திப் பத்து அடுப்பு. இன்னைக்கு மேலத்தெருவுல கொடுத்துக்கிட்டிருப்பாவ."

அவர் முன்னாலேயே ஆறுமுகநயினாருக்கு ஃபோன் போட்டேன். நிறுத்துங்கள் என்றேன். இதுவரை கொடுத்த வீடுகளில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சொட்டு எடுத்துப் பாருங்கள், சிவப்பு வந்தவர்களை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள் என்றேன்.

"ஏம்மா, தெரிஞ்சுதான் பேசுதியா? இது வெளிய வந்தா உன் வேலை போயிரும். என் வேலையும் போயிரும்."

"போகட்டும் சார். மேலத்தெருவுல இப்பமே நிறுத்துங்க."

குரல் உயரவில்லை. கை வேர்க்கவில்லை. கணவர் உள்ளே கிடக்கிறார், நான் தண்ணீர் லாரிக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். புழு இருப்பது இந்த நேரத்துக்கு ஒரு வகையில் நல்லதுதான் என்றுகூட நினைத்தேன். ஃபோனை வைத்ததும் டாக்டர் என் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தார். பட்டைக்கு இல்லை, ஒரு குழாய் நிறைய.

"உங்க பச்சை எவ்வளவு பச்சைன்னு பாக்கணும்" என்றார்.

ஆறுமுகநயினார் நிறுத்தினார். இதை விசாரணையிலும் சொன்னேன். அன்று மத்தியானத்துக்குள் நிறுத்தி, பக்கத்து ஊர்களில் கையில் காலில் விழுந்து பட்டைகளை வாங்கி வந்து, எல்லோர் விரலிலும் குத்தினார். பதினேழு சிவப்பு. பதினாறு பேர் பிழைத்துக்கொண்டார்கள்.

பிழைக்காதவர் தாசன் அண்ணன். புதன்கிழமை கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்குப் போய்விட்டார். வாசலில் அவருடைய மருமகள் உட்கார்ந்திருந்தாள். நான்கு மாத்திரையும் அவளுக்கு வேலை செய்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எட்டு வருஷமாக அப்படி ஒரு அழுகை பனைமுனையில் கேட்டதில்லை. வராந்தாவில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அவளைச் சுற்றி நின்று, புதிதாக ஊருக்குள் வந்த ஏதோ மிருகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். என்னைக் கண்டதும் அவள் எழுந்து வந்தாள்.

"என் விரல்லதான குத்தினிய, மதினி? எனக்குத்தான பச்சை வந்துச்சு? அவரு கையையும் ஒரு குத்துக் குத்தியிருந்தா என்னா?"

 அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், வேறு தோள் பக்கத்தில் இல்லாததால். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நான் கொன்ற மனுஷனுக்காக அவள் அழுகிறாள், எனக்குள் ஒன்றும் அசையவில்லை. புழுதான், என்று சொல்லிக்கொண்டேன். என் முறை வரும்போது நானும் மாத்திரை போடுவேன், அப்போது இவருக்காகவும் சேர்த்து அழுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு உதவியாக இருந்தது.

சனிக்கிழமை காலை டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை மெதுவாகப் பேசினார்.

"சூசைக்கு வீக்கம் வத்திடுச்சு. புழு அனேகமா இல்ல. இன்னைக்கு முழிச்சுக்குவார். முழிச்சதும் எல்லாம் மொத்தமா வரும், கூடவே இருங்க."

"சரி டாக்டர். நான் எப்ப மாத்திரை போடலாம்?"

அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்கு அந்த எண்கள் புரியும். இருந்தாலும் அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

"உங்களுக்கு மாத்திரை வேண்டாம்மா. உங்க உடம்புல புழு இல்ல."

"செத்துப்போச்சா?"

"இருந்ததே இல்ல. ஒரு தடவை உள்ள தங்கியிருந்தாலும் ரத்தத்துல அதோட அடையாளம் இருபது வருஷத்துக்கு அழியாது. உங்களுக்கு அது சுத்தமா இல்ல. அந்தக் கேப்சூல் பொரிக்கவே இல்ல. அதனாலதான் உங்க வீட்டுப் பட்டையில பச்சை. ஒண்ணுமே இல்லன்னாலும் அது பச்சைதான் காட்டும்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இத்தனை வருசமும்?" என்று கேட்டேன்.

"அது நீங்கதாம்மா" என்றார் டாக்டர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தினார். "மனசே அப்படி மூடிக்கிறது உண்டு. அதுக்கும் டாக்டர் இருக்காங்க. எழுதித் தரேன்."

எழுதித் தந்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

சூசை விழித்திருந்தார். தலையணை நனைந்திருந்தது. சத்தமே இல்லாமல், வாயைத் திறந்தபடி, மூச்சுக்குத் திணறுகிற மாதிரி அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"பிள்ள போச்சே, அமலி. நம்ம பிள்ள போச்சே."

நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கூரை விழுந்த அன்று காலை பிரகாசி தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி அடம்பிடித்தது, அவர் நேரமில்லை என்று அதட்டிவிட்டு வேலைக்குப் போனது, எல்லாவற்றையும் சொன்னார். எனக்குத் தெரியாதவை ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு வருஷத்தில் இதை நாங்கள் பேசியதே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். கோபம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது. அது எனக்குத் தாங்க முடியாததாக இருந்திருக்க வேண்டும்.

"நான் இந்தப் பக்கம் வந்துட்டேன். நீ மட்டும் அங்கனயே நிக்க. பாவம் நீ." கையை அழுத்தினார். "நீயும் போடு. எனக்கு ஆனது மாதிரி ஆவாதே? உனக்கு ரத்தம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"என்ன சொன்னாவ?"

"எனக்கு ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னாவ."

பொய் இல்லை. பை மடியில் இருந்தது. பையில் மாத்திரை இருந்தது, டாக்டர் எழுதிய காகிதமும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். எனக்குப் புழு இல்லை, கூரை விழுந்த அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன், என் பிள்ளைக்கு நான் அழாததற்கு யாரும் காரணம் இல்லை என்று சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்த முகத்தில் ஆள் இருந்தது. கூட அழ ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டியா?" என்றார். "வெறும் வயித்துல போடக் கூடாதுல்லா?"

ஆஸ்பத்திரியில் கொடுத்த பொங்கல் அவர் தட்டில் பாதி இருந்தது. அதை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டேன். ஐம்பத்திரண்டு கிலோவுக்கு மூன்று மாத்திரை. தேவை இல்லாதவருக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே எழுதிக்கொண்டது ஞாபகம் இருந்தது. டம்ளரை அவரே நிரப்பிக் கொடுத்தார். கொஞ்சம் சிந்தியது. நான் ஒவ்வொன்றாக விழுங்குவதை, வேலையில் நான் மற்றவர்களைப் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்த்தார்.

"எத்தனை நாள்ல தெரியும்?"

"மூணு நாள் ஆவும்" என்றேன்.

"நான் கூடவே இருக்கேன். பயப்படாத" என்று சொல்லி, என் கையை விடாமல், கண்ணை மூடாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமை முடியப்போகிறது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் இருக்கின்றன.